ரூட்டரை மாற்றினால் லேண்ட்லைன் ஏன் ஊமையாகிறது?

பிரிட்டனில் பி.டி. என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் ஒருவர், அவர்கள் கொடுத்த ‘ஸ்மார்ட் ஹப் 2’ பெட்டியைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய ரூட்டரை மாட்டுகிறார். இணையம் உடனே வந்துவிடுகிறது, வைஃபையும் மாடி அறைவரை எட்டுகிறது. ஆனால் லேண்ட்லைன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் இல்லை. வெளியிலிருந்து யார் அழைத்தாலும் மணி அடிப்பதில்லை. புது ரூட்டரில் எந்தக் கோளாறும் கிடையாது. கழற்றி வைத்த பெட்டிக்குள்தான் தொலைபேசியே இருந்தது.

செம்புக் கம்பிக் காலத்தில் டயல் டோன், மணி அடிக்க வேண்டிய மின்சாரம் எல்லாமே எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தன. வீட்டுக்குள் இருந்தது வெறும் கருவி. அந்தப் பழைய வலையமைப்பை பிரிட்டன் 2025 இறுதியில் மூடுவதாக இருந்து, பிறகு 2027 ஜனவரி வரை தள்ளிவைத்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் பி.டி.யின் ‘டிஜிட்டல் வாய்ஸ்’. எக்ஸ்சேஞ்ச் செய்துவந்த வேலையில் ஒரு பகுதி இதில் வீட்டுக்கே வந்துவிட்டது. ஹப்பின் பின்புறத்துத் தொலைபேசி போர்ட்டுக்குள் இருக்கும் சிறு சுற்று, டயல் டோனைத் தானே உருவாக்குகிறது. உங்கள் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்குகிறது. பொதுவாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில், வினாடிக்கு 50 பொட்டலங்கள் இணையத்தில் கிளம்புகின்றன. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரி விவரம். மொத்தம் வினாடிக்கு 80 கிலோபிட்தான். ஃபைபர் இணைப்புக்கு இது ஒரு சுமையே இல்லை, ஆகவே வேகத்தைக் கூட்டி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது.

தீர்மானிப்பது வேறொன்று. உங்கள் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பு வர வேண்டுமானால், ‘இந்த எண் இப்போது இந்த இணைய முகவரியில் இருக்கிறது’ என்று நிறுவனத்தின் சர்வரில் பெட்டி பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்கான விதிமுறைக்கு எஸ்.ஐ.பி. என்று பெயர் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கட்டும் எஸ்.ஐ.பி. வேறு). பதிவு செய்ய ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் தேவை. பி.டி. அவற்றைத் தன் ஹப்புக்குள் தானாகவே ஏற்றிவிடுகிறது, வாடிக்கையாளரிடம் தருவதில்லை. தொலைபேசி போர்ட் உள்ள ரூட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் அதற்குப் பேர் போனது. ஆனால் அதில் தட்டுவதற்குப் பாஸ்வேர்ட் கையில் இல்லையென்றால் அந்த போர்ட் இருந்தும் பயனில்லை.

அதே ஜெர்மனியில் நிலைமை தலைகீழ். அங்கே 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, எந்த ரூட்டரை வைப்பது என்பது வாடிக்கையாளரின் விருப்பம். தொலைபேசிக்கான நுழைவு விவரங்கள் உட்பட அனைத்தையும், கேட்காமலே, இலவசமாக நிறுவனம் கொடுத்துவிட வேண்டும். எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டிய சட்டம் இது என்பது என் உறுதியான கருத்து. எண்ணுக்கு மாதக் கட்டணம் கட்டுபவர் அதன் சாவியையும் வைத்திருக்கலாம். தொழில்நுட்பத்தில் அதற்கு எந்தத் தடையும் இல்லை.

சாவி கிடைத்தவர்களுக்கும் ஒரு கண்டம் உண்டு. குரலைப் பொட்டலமாக்கும் ஓர் அடாப்டரைத் தனியாக ரூட்டருக்குப் பின்னால் செருகித் தொலைபேசியை இணைத்திருந்தால், நீங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காமல் போகலாம். காரணம் ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்று ஏற்பாடு. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள்தான் இருக்கும். பொட்டலம் வெளியே போகும்போது ரூட்டர் அதை வெளிமுகவரியாக மாற்றுகிறது. ஆனால் அது திருத்துவது உறைமேல் இருக்கும் முகவரியை மட்டுமே. உள்ளே இருக்கும் கடிதத்தில் ‘குரலை இங்கே அனுப்பு’ என்று அடாப்டர் எழுதியிருப்பது பழைய உள்முகவரி. எதிர்முனை அதை நம்பி அனுப்பினால் குரல் எங்கும் போய்ச் சேராது. இதே கோளாறு, அழைப்பை ஏற்றதற்கான உறுதிச் செய்தியைத் தொலையச் செய்தால், பேச்சு 32 வினாடியில் அறுந்துவிடும். அவ்வளவு நேரம்தான் காத்திருக்க வேண்டும் என்று எஸ்.ஐ.பி. விதியே சொல்கிறது.

கடிதத்தையும் பிரித்துத் திருத்துவதற்கென்று பல ரூட்டர்களில் ‘எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.’ என்று ஓர் அமைப்பு உண்டு. பல ரூட்டர்களில் அது அரைகுறையாகத் திருத்தி, நன்றாக இருந்ததையும் கெடுக்கிறது. ஒரு பக்கக் குரல் பிரச்சினை வந்தால் முதலில் அணைத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான். இன்னொன்று, பேச்சில்லாத நேரத்தில் ரூட்டர் தன் முகவரிப் பட்டியலிலிருந்து அந்த இணைப்பைச் சீக்கிரமே அழித்துவிடும். அதன்பின் வரும் அழைப்புக்கு மணி அடிக்காது. இணைப்பு அழியாமல் இருக்க அடாப்டர் அவ்வப்போது அனுப்பும் ‘கீப் அலைவ்’ செய்திகளின் இடைவெளியை 30 வினாடிக்குள் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சாவி இல்லாத பி.டி. வாடிக்கையாளருக்கு வழி எளிது. ஹப் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் வைஃபையை அணைத்துவிட்டு, ஹப்பின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளைச் சொந்த ரூட்டருக்குக் கொடுத்தால் போதும். தொலைபேசி ஹப்பிலேயே இருப்பதால் அழைப்புகள் உங்கள் ரூட்டரின் ‘நாட்’ ஏற்பாட்டைத் தொடுவதே இல்லை. முகவரி மாற்றம் இரண்டு முறை நடப்பது சில ஆன்லைன் விளையாட்டுகளுக்கு இடைஞ்சல் தரலாம், மற்றபடி பாதகமில்லை. நம்மூரில் பி.எஸ்.என்.எல். ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். தொலைபேசி, ஃபைபர் வந்து முடியும் ஓ.என்.டி. பெட்டியிலேயே இருக்க, ரூட்டரை மட்டும் அதற்குப் பின்னால் மாட்டலாம்.

மின்வெட்டை மறந்துவிடக் கூடாது. செம்புக் கம்பியில் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்ததால் ஊரே இருட்டானாலும் போன் பேசியது. டிஜிட்டல் வாய்ஸில் கரண்ட் போனால் போனும் போய்விடும். பிரிட்டனில் முதியவர்கள் கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான்கள் பல லேண்ட்லைனை நம்பியவை. புதிய இணைப்புக்கு மாற்றியபோது சில இடங்களில் அவை வேலை செய்யாமல் போனதால், 2023 டிசம்பரில் வாடிக்கையாளரின் சம்மதமில்லாத மாற்றங்களை நிறுவனங்கள் நிறுத்திவைத்தன. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, மின்சாரம் இல்லாதபோதும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர உதவியை அழைக்க நிறுவனம் வழிசெய்ய வேண்டும் என்கிறது ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம். வீட்டில் யு.பி.எஸ். வைப்பவர்கள் சொந்த ரூட்டரை மட்டும் அதில் செருகிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. ஓ.என்.டி., தொலைபேசி செருகியுள்ள பெட்டி, கார்ட்லெஸ் போனாக இருந்தால் அதன் பீடம் ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு முறை வெளியே அழைத்தும், செல்போனிலிருந்து வீட்டு எண்ணுக்கு அழைத்தும் பார்த்துவிடுங்கள்.