ஃபிட்ஸ் வந்தபோது பக்கத்தில் இருந்தது யார்?

ஃபிட்ஸ் வந்துவிட்டது என்று ஒருவரை அழைத்து வந்தால், நரம்பியல் மருத்துவராக நான் முதலில் கேட்பது இதைத்தான். வலிப்பு வந்தவருக்கு நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. நேரில் பார்த்தவரோ வெளியே நின்றுகொண்டிருப்பார். அவரை உள்ளே கூப்பிட்டுப் பேசினால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

கை கால் இழுத்தது, நுரை தள்ளியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கண் திறந்திருந்ததா? தலை எந்தப் பக்கம் திரும்பியது? ஒரு கையில் தொடங்கிப் பரவியதா? சாதாரண மயக்கத்திலும் சில நொடிகள் கை கால் வெட்டும். ஆனால் படுக்க வைத்தால் சீக்கிரம் தெளிந்துவிடும். பெரிய வலிப்புக்குப் பிறகு ஆளை அடையாளம் தெரியவே நேரமாகும். நாக்கின் ஓரமும் கடிபட்டிருக்கலாம்.

இழுப்பே இல்லாத வலிப்பும் உண்டு. பாடத்தில் கவனமில்லை என்று திட்டு வாங்கும் குழந்தைகளில் சிலருக்கு இதுதான் காரணம். சந்தேகம் வந்தால், ஒரு காகிதத்தை எதிரே பிடித்து விடாமல் ஊதச் சொல்வேன். ஊதிக்கொண்டிருக்கும் குழந்தை சட்டென்று நிறுத்தும். பார்வை நிலைகுத்தும், இமை படபடக்கும். பத்து நொடியில் எதுவுமே நடக்காததுபோல மறுபடி ஊதும். “இதைத்தான் டாக்டர் அடிக்கடி பண்றா” என்பார் அம்மா. மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகை இது. தெரியாமல் போனதால் அந்தக் குழந்தைகள் வாங்கும் திட்டுதான் மனதை வருத்துகிறது.

மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இஇஜி பரிசோதனை நார்மல் என்று வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகாது. அது பதிவு செய்வது அந்த அரை மணி நேரத்தை மட்டுமே. அதேபோல, ஒரு முறை வலிப்பு வந்தாலே வலிப்பு நோய் என்றும் சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ குறைந்தாலும் வரும்.

சரி, கண் முன்னே ஒருவருக்கு வந்தால்? கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். பல் கிட்டியிருந்தாலும் வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அமுக்காதீர்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ் வேண்டும். இன்னொருவர் கூட இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். எனக்கு அது பெரிய உதவி.

சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 100 பேரில் ஏறத்தாழ 70 பேர் வலிப்பே வராமல் இருக்க முடியும். வராமல் இருக்கும்போதுதான் பலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. சில மருந்துகள், குறிப்பாக வால்ப்ரோயேட், கருவைப் பாதிக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே வந்து பேசுங்கள். மருந்தை மாற்ற அப்போதுதான் அவகாசம் இருக்கும்.