அரிய தோல் புற்றுநோய்க்கு மருந்து வந்த வழி: ‘அநாதை மருந்து’ச் சட்டமும் விரைவு அனுமதியும்

முகத்திலோ முன்கையிலோ ஒரு சின்னக் கட்டி. சிவப்பாக, சிலருக்கு ஊதா கலந்து, பளபளவென்று இருக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும், ஆனால் வலிக்காது. சில வாரங்களிலேயே பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிவிடும். மெர்க்கல் செல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வலி இல்லை என்பதால் யாரும் பதறுவதில்லை. மருத்துவர்களுக்கே தவறிவிடுகிறது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 195 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். திசுவை எடுத்துச் சோதிக்கும் முன், பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளை ஆபத்தில்லாதவை என்றே மருத்துவர்கள் கருதியிருந்தார்கள். அதிகம் சொல்லப்பட்டது நீர்க்கட்டி.

கவனிக்க வேண்டியவை ஐந்து: வலியில்லாமை, வேகமான வளர்ச்சி, குறைந்த எதிர்ப்பு சக்தி (உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் இதில் முக்கியம்), 50-ஐத் தாண்டிய வயது, வெயில் படும் இடம். அதே ஆய்வில் 10-ல் 9 பேருக்கு இவற்றில் குறைந்தது மூன்று இருந்தன. அப்படி ஒரு கட்டியைப் பார்த்தால், ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்று விடாமல் திசுப் பரிசோதனை கேளுங்கள்.

கட்டி தோலோடு நின்றிருந்தால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். பக்கத்திலுள்ள முதல் நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பார்ப்பார்கள். வெளியே வீக்கமே தெரியாதவர்களில்கூட சுமார் மூன்றில் ஒருவருக்கு அங்கே நோய் ஒளிந்திருக்கும். இந்தப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கு நன்றாகவே கட்டுப்படும். சிக்கல், உடலின் மற்ற இடங்களுக்குப் பரவிய பிறகுதான். கீமோ கொடுத்தால் கட்டி சுருங்கும், ஆனால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பி வந்துவிடும். 2017 வரை பரவிய நிலைக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேருக்குத்தான் இந்த நோய் வருகிறது. இத்தனை குறைவான பேருக்காக எந்த நிறுவனம் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டும்? இந்தக் கேள்விக்காகவே வந்ததுதான் 1983-ன் அநாதை மருந்துச் சட்டம். லாபம் இல்லையென்று யாரும் எடுத்து வளர்க்காத மருந்து என்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் 2 லட்சம் பேருக்கும் குறைவானவர்களைப் பாதிக்கும் நோய்க்கு மருந்து உருவாக்கினால், நிறுவனம் ‘அநாதை மருந்து’ என்ற தகுதியைக் கேட்கலாம். கிடைத்தால் மருத்துவ ஆய்வுச் செலவில் ஒரு பகுதிக்கு வரிச் சலுகை உண்டு (முதலில் 50 சதவீதம், இப்போது 25), விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. மருந்துக்கு அனுமதி வந்ததும், அதே நோய்க்கு அதே மருந்தை 7 ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் அனுமதிக்க மாட்டார்கள்.

பலர் குழம்பும் இடம் இங்கேதான் இருக்கிறது. ‘அநாதை மருந்துத் தகுதி கிடைத்தது’ என்று செய்தி வந்தால், மருந்து கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழும் இல்லை. ஆய்வைத் தொடங்க ஓர் ஊக்கம், அவ்வளவுதான்.

மருந்து நோயாளியிடம் சீக்கிரம் போய்ச் சேர உதவுவது இன்னொரு விதி: விரைவு அனுமதி. எச்.ஐ.வி. நோயாளிகளின் போராட்டத்தைத் தொடர்ந்து 1992-ல் வந்தது. வழக்கமாக, மருந்து ஆயுளை நீட்டுகிறதா என்று பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டும். இந்த விதியில், பலன் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்க வைக்கும் முன்னடையாளம், உதாரணமாகக் கட்டி சுருங்குவது, போதும். பிறகு நடத்தும் ஆய்வில் பலனை உறுதிப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

2017 மார்ச் 23 அன்று மெர்க்கல் செல் புற்றுநோய்க்கு அவெலுமாப் என்ற மருந்து இந்த வழியில்தான் வந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 88 பேர், எல்லோரும் ஏற்கெனவே கீமோ எடுத்தவர்கள். 33 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, அதாவது 29 பேர். அவர்களில் 45 சதவீதம் பேருக்கு அந்தப் பலன் ஓராண்டுக்கு மேல் நின்றது. 88 பேரை வைத்து அனுமதியா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இவ்வளவு அரிய நோய்க்குப் பெரிய ஆய்வு முடியும்வரை காத்திருங்கள் என்றால், இன்று படுக்கையில் இருப்பவருக்கு அது பதிலே இல்லை. நான் இந்த விதியின் பக்கம்தான். 2018-ல் பெம்ப்ரோலிசுமாப், 2023-ல் ரெட்டிஃபான்லிமாப் என்று அடுத்தடுத்து வந்தவையும் இதே வழிதான்.

மூன்றுமே, புற்றுநோய் செல் நம் எதிர்ப்புச் செல்கள்மீது போட்டுவைத்த பிரேக்கை விடுவிப்பவை. இந்த நோயில் அது பலிக்கக் காரணம் இருக்கிறது. 2008-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழு இந்தக் கட்டிகளில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தது. சுமார் 80 சதவீதக் கட்டிகளில் அது இருக்கிறது. மற்றவற்றில் வெயிலால் வந்த மரபணுச் சேதம் நிறைய. இரண்டுமே எதிர்ப்பு சக்தியின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும்.

விரைவு அனுமதியில் வந்த மருந்தா என்று தெரிந்துகொள்ள, அதன் அதிகாரபூர்வத் தகவல் தாளைப் பாருங்கள். இந்த அனுமதி கட்டி சுருங்கிய அளவை வைத்துத் தரப்பட்டது, தொடர்வது பிந்தைய ஆய்வைப் பொறுத்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். 2022 டிசம்பரில் வந்த சட்டத்திருத்தம் இதை இறுக்கியது. உறுதிப்படுத்தும் ஆய்வு அனுமதிக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று, மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இப்போது கேட்கலாம்.

சரி, இவை எதுவும் பலிக்கவில்லை, சேரக்கூடிய ஆய்வும் இல்லை என்றால்? அனுமதி பெறாத மருந்தை ஆய்வுக்கு வெளியே கேட்க ‘விரிவான அணுகல்’ என்றொரு வழி உண்டு. நோயாளி நேராக விண்ணப்பிக்க முடியாது, சிகிச்சை தரும் மருத்துவர்தான் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்திடம் ஒப்புதல் கடிதம், அப்புறம் எஃப்.டி.ஏ.வுக்கு 3926 என்ற படிவம். உயிருக்கு அவசரம் என்றால் தொலைபேசியிலேயே அனுமதி வாங்கிவிட்டு, படிவத்தைப் பின்னால் அனுப்பலாம். நிறுவனம் மறுத்தால் மட்டும் எஃப்.டி.ஏ.வால் வற்புறுத்த முடியாது. அதனால் மருத்துவரிடம் பேசும்போது நிறுவனத்துக்கான கடிதத்தைத்தான் முதலில் எழுதச் சொல்லுங்கள்.