இந்தக் குருவிக்குக் கிழட்டு மரம் ஆகாது

ஏக்கர் கணக்கில் காட்டை மொட்டையடித்துவிட்டு "பறவைக்காகத்தான் வெட்டினோம்" என்று ஒரு வனத்துறை சொன்னால் நம்புவீர்களா? மர வியாபாரத்துக்குச் சொல்லும் சாக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பொதுக் காடுகளில் உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள், அதற்குப் பலனும் கிடைத்திருக்கிறது.

அங்கே கிர்ட்லாண்ட் கதிர்க்குருவி என்று ஒன்று. மஞ்சள் வயிறு, கைக்குள் அடங்கும் உடம்பு, குளிர்காலத்தைப் பஹாமாஸ் தீவுகளில் கழித்துவிட்டு முட்டையிட வடக்கே வரும். கூடு கட்டுவது தரையில், ஜாக் பைன் மரத்தின் அடிக்கிளைகள் மண்ணைத் தொடுகிற மறைவில். சிக்கலே அந்த அடிக்கிளையில்தான். மரத்துக்கு 5 வயதுகூட ஆகவில்லை என்றால் மறைவு போதாது. ஏறக்குறைய 20 வயதைத் தாண்டிவிட்டாலோ மேலே கிளைகள் அடர்ந்து வெயிலை மறைத்துவிட, கீழ்க்கிளைகள் காய்ந்து போய்விடும். நடுவில் இருக்கும் அந்தப் பதினைந்து வருடம்தான் குருவிக்கு வீடு, அப்புறம் வேறு இளங்காடு தேடிப் போக வேண்டியதுதான்.

ஒரு காலத்தில் அந்த இளங்காட்டை உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது காட்டுத்தீ. ஜாக் பைன் காய்கள் பிசினால் இறுக ஒட்டிக் கிடக்கும், நெருப்பின் சூட்டில் பிசின் இளகி விதை கொட்டும், கரிந்த மண்ணில் எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்து ஒரே வயதுக் காடாக எழும். 20ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் தீயை அணைப்பதில் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். காடு பத்திரமாக இருந்தது, பத்திரமாகவே கிழடாகிக்கொண்டும் இருந்தது. 1951இல் பாடுகிற ஆண் குருவிகள் 432 இருந்தன, 1971இல் 201. போதாததற்குக் கௌபேர்ட் என்ற பறவை, குயில் காக்கைக் கூட்டில் செய்கிற அதே வேலையை இந்தக் குருவியின் கூட்டில் செய்துகொண்டிருந்தது. 1972 முதல் அவற்றைப் பொறி வைத்துப் பிடித்தார்கள். சரிவு ஏறக்குறைய நின்றது, ஆனால் எண்ணிக்கை ஏறவே இல்லை, 1987இலும் 167தான். குஞ்சுகள் பிழைத்தன, அவை வளர்ந்து கூடு கட்டப் போக இடமில்லை.

இடம் கிடைத்த விதம்தான் சங்கடமானது. 1980 மே மாதம் மாக் ஏரிக்குப் பக்கத்தில், இந்தக் குருவிக்காகவே திட்டமிட்டு வைத்த சிறு தீ கைமீறிப் போய்ச் சுமார் 24,000 ஏக்கரை எரித்துவிட்டது. வீடுகள் போயின, தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். பத்து வருடம் கழித்து அந்தச் சாம்பலில் முளைத்த பைன்கள் சரியான வயதுக்கு வந்தபோது குருவிகள் மளமளவென்று பெருகின. இதை நல்லது என்று சொல்லவும் வாய் வரவில்லை, நடக்கவில்லை என்று மறைக்கவும் முடியாது.

அப்படிப்பட்ட தீயை மறுபடி வைக்க யாருக்குத் துணிவு வரும்? அதனால் தீ செய்த வேலையைக் கோடாரியும் மண்வெட்டியும் செய்கின்றன. முதிர்ந்த ஜாக் பைனைப் பகுதி பகுதியாக வெட்டி விற்றுவிட்டு, வெட்டிய இடத்தில் நெருக்கமாகக் கன்று நடுகிறார்கள், இடையிடையே குருவி இரை தேட வெற்றிடம் விடுகிறார்கள். ஒரு துண்டின் முறை திரும்ப வருவதற்கு 50 வருடம் ஆகும் என்று கணக்கு. எந்த வருடம் பார்த்தாலும் எங்கோ ஒரு துண்டு குருவிக்கேற்ற வயதில் இருக்க வேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான். 1960இல் வந்த சட்டப்படி அங்கே தேசிய வனம் என்பது மரம், மேய்ச்சல், தண்ணீர், பொழுதுபோக்கு, காட்டுயிர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்பதால் மரத்தை விற்பதில் ஒளிவுமறைவு கிடையாது. 2019இல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே இந்தக் குருவியை எடுத்துவிட்டார்கள்.

சரி, அப்படியானால் எல்லாக் காட்டையும் வெட்டி நட்டுவிடலாமா? அதே நாட்டின் தென்கிழக்கில் அப்படிச் செய்தால் ரெட் காக்கேடட் மரங்கொத்தி தொலைந்தது. அது செத்த மரத்தைத் தொடுவதில்லை, உயிருள்ள பைனில்தான் பொந்து குடையும். உயிருள்ள மரம் கடினம், அதனால் பூஞ்சை பிடித்து உள்வைரம் மெத்தென்று ஆன கிழட்டு மரமாகப் பார்த்துத் தேடும், பெரும்பாலும் 80 வயதுக்கு மேற்பட்டது. அப்படியும் ஒரு பொந்தை முடிக்கப் பல வருடம் ஆகும். முடித்தபின் சுற்றிலும் கொத்திப் பிசினை வழியவிடும், பாம்பு ஏறாமலிருக்க. இங்கேயும் தீ வேண்டும், ஆனால் வேறு மாதிரித் தீ. சில வருடங்களுக்கு ஒரு தடவை தரையோடு தவழ்ந்துபோய், பைனை விட்டுவிட்டு அடியில் முளைக்கும் ஓக் போன்றவற்றை மட்டும் பொசுக்கும் சிறு தீ. அது இல்லாமல் அடிக்காடு பொந்து உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் பறவை பொந்தைக் கைவிட்டுவிடும்.

1989இல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மாரியன் தேசிய வனத்தில் பொந்து மரங்களில் 87 சதவீதத்தைச் சாய்த்துவிட்டது. குடைய வருடக்கணக்கில் ஆகும் என்கிறபோது பறவையைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? நிற்கிற மரத்தில் ஏறி, ரம்பத்தால் சதுரமாக வெட்டி, மரப்பெட்டியில் செய்த செயற்கைப் பொந்தைச் செருகினார்கள், மரங்கொத்திகளும் குடிவந்தன. பழுத்த மரம் போதாத காடுகளில் இன்றும் அந்தப் பெட்டிதான் கைகொடுக்கிறது. பக்கத்திலேயே லாங்லீஃப் பைன் கன்றுகளும் நடுகிறார்கள், ஆனால் இப்போது நட்டது பொந்துக்குத் தோதாக ஆகும்போது 2100 தாண்டியிருக்கும்.