வேக்குவம் பிரஸ்: அமுக்குவது எது?

மெல்லிய மரத் தகடுகளில் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைக்க வேண்டும். பையின் வாயை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் அடுக்கு இறுகி, அச்சின் வளைவிலேயே ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் வேக்குவம் பிரஸ். தமிழில் ‘வெற்றிட அழுத்தி’ என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் வெற்றிடம் எதையும் அழுத்துவதில்லை.

முதலில் வெற்றிடம். ‘வேக்குவஸ்’ என்றால் லத்தீனில் வெறுமையான என்று பொருள். அதிலிருந்து வந்தது வேக்குவம். நம் சொல்லும் அதே கருத்தில் பிறந்ததுதான்: வெறுமை + இடம் = வெற்றிடம். வெறுமை + இலை வெற்றிலை ஆனதைப் போல. இதை வெற்றியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்படியானால் ‘வெற்றியிடம்’ என்றுதான் புணரும். நல்ல சொல், அதை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் ‘பிரஸ்’ என்பதில்தான். பைக்குள் காற்று இல்லாமல் போனதும், வெளியில் எப்போதும் நம் தலைமேல் நிற்கும் காற்றுக்கு எதிர்ப்பு இல்லாமல் போகிறது. கடல்மட்டத்தில் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடையாக அமுக்குகிறது. 60க்கு 90 சென்டிமீட்டர் பலகை என்றால் பரப்பு 5,400 சதுர சென்டிமீட்டர். பையிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு காற்றை எடுத்தாலே நான்கு டன்னுக்கு மேல் சுமை, ஓரம் நடு என்ற வேறுபாடில்லாமல் எங்கும் சமமாக. எத்தனை கிளாம்பு போட்டாலும் இந்தச் சமம் வராது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. வெற்றிடம்தான் அழுத்துகிறது என்று நம்புகிறவர், அழுத்தம் போதவில்லை என்றால் இன்னும் பெரிய பம்ப் வாங்கப் போவார். எவ்வளவு பெரிய பம்ப் வாங்கினாலும் வெளியில் இருக்கும் காற்றுக்கு மேல் ஒரு கிராம்கூடக் கிடைக்காது. இதே பையை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்குக் கொண்டுபோனால் சென்னையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான் கிடைக்கும். வெற்றிடம் இரண்டு ஊரிலும் ஒன்றே, காற்றுதான் வேறு.

எனக்கே இது பட்டுத்தான் புரிந்தது. காயலான் கடையில் வாங்கிய பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் முனையில் குழாய் மாட்டி, வெற்றிடத்தைச் சேமித்து வைக்க இரண்டு பக்கமும் மூடிய பிவிசி குழாயும், காற்று திரும்பாமல் இருக்க ஒருவழி வால்வும், அழுத்தத்தை முள்ளால் காட்டும் மானியும் சேர்த்துக் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பாலித்தீன் தாள் மெல்லச் சுருங்கி, பலகையின் விளிம்பு, மூலை, கீழே மறந்து விட்ட ஒரு ஆணியின் தலை வரை அப்படியே அச்செடுத்துக் காட்டியது. முள் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று ‘டொக்’. உள்ளே கூடாக விட்டிருந்த அச்சு நடுவில் உடைந்து அமுங்கிவிட்டது. மேலிருந்து மட்டும் அழுத்தும் கருவி என்று நினைத்திருந்தேன். காற்றோ எல்லாப் பக்கத்திலிருந்தும் அமுக்கும். அச்சு கட்டியாக இருக்க வேண்டும், விளிம்புகளை மழுக்கியிருக்க வேண்டும்.

காற்றை வைத்து மரத்தை வளைப்பதற்குப் பையை உறிஞ்சித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. 1940களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் குடியிருந்த வீட்டிலேயே சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற வடிவமைப்பாளர் தம்பதி ஒரு கருவி கட்டினார்கள். சைக்கிள் பம்பால் ஊதிய ரப்பர் பை, மரத் தகடுகளைப் பிளாஸ்டர் அச்சின் மேல் நெருக்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மந்திரவாதி சொல்லும் ‘கஜாம்!’. அங்கிருந்துதான் அமெரிக்கக் கடற்படைக்கான கட்டைகள், அடிபட்ட காலை அசையாமல் வைத்துக் கட்டுபவை, பிறந்தன. அங்கே காற்றை உள்ளே ஊதினார்கள், இங்கே வெளியே எடுக்கிறோம். அமுக்கியது இரண்டிலும் காற்றுதான்.

இப்படி அடுக்கி ஒட்டியதைக் குறிக்கும் ‘லேமினேட்’டுக்கும் ஒரு வார்த்தை. லத்தீன் ‘லாமினா’ என்றால் மெல்லிய தகடு. நம் தச்சர்கள் வாயில் அது ‘மைக்கா ஒட்டுறது’. 1912இல் அமெரிக்காவில் மின்காப்புக்கு மைக்கா என்னும் காக்காப்பொன்னுக்குப் பதிலாக வந்ததால் அப்படியொரு தகடு ஃபார்மைக்கா ஆனது. இங்கே சன்மைக்கா என்ற வணிகப் பெயர் சுருங்கி மைக்கா ஆகிவிட்டது. அந்தத் தகட்டில் காக்காப்பொன் துளிகூடக் கிடையாது. வினீர் என்னும் மெல்லிய மரத் தகட்டுக்கு ‘மரச்சீவல்’ என்று சொல்லலாமென்றால் இழைப்புளிச் சுருள்தான் நினைவுக்கு வருகிறது. பாலேடு, ஓலையேடு என்று மெல்லியதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் ‘ஏடு’ இருக்கும்போது ‘மர ஏடு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடுக்கி ஒட்டுவது அடுக்கொட்டு. கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளுக்கும் இதே சொல் செல்லும். அங்கே மிகுந்த பிசினைக் குடிக்க ஒரு துணியும், ஒட்டாமல் உரித்தெடுக்க ஒரு துணியும் கூடுதலாக வேண்டும். பின்னதை ‘உரிதுணி’ என்றாலே விளங்கும்.

கருவிக்கு வருவோம். ‘காற்றழுத்தி’ என்று வைக்கலாம்தான், ஆனால் அந்தப் பெயரைக் கம்ப்ரஸர் எடுத்துக்கொண்டது. இலங்கைப் பாடநூல்களில் நம் ‘அழுத்தம்’ ‘அமுக்கம்’ என்றே வழங்குகிறது: வளிமண்டல அமுக்கம். கையால் அமுக்குவது, பஞ்சை அமுக்குவது என்று அன்றாடம் புழங்கும் வினையும் அதுவே. ஆகவே எழுத்தில் ‘வளியமுக்குப் பை’, பட்டறையில் ‘அமுக்குப் பை’. இரண்டிலும் வெற்றிடத்தின் பெயர் இல்லை, முதலாவதில் வேலை செய்கிற காற்றின் பெயரே இருக்கிறது. எனக்கு உதவிக்கு வரும் பையன் ஒரு வாரத்தில் பழகிவிட்டான். “அண்ணே, அமுக்குப் பை இறுகிடுச்சு, முள்ளு நின்னுடுச்சு, பம்பை நிறுத்தவா?” என்கிறான்.