கிளைக்ஷால்டுங்: தமிழில் ஒருபிடியாக்கம்

ஜெர்மன் மொழியில் 'கிளைக்' என்றால் ஒரே மாதிரியான, சமமான என்று பொருள். 'ஷால்டன்' என்றால் சுவிட்ச் போடுவது. இரண்டும் சேர்ந்த 'கிளைக்ஷால்டுங்' மின்துறை வாசனை உள்ள சொல்: தனித்தனியே ஓடுவதை ஒரே இயக்கத்துக்குள் கொண்டுவருவது. 1933-இல் இது ஒரு சட்டத்தின் தலைப்பிலேயே ஏறியது.

அந்த ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லர் சான்சலர் ஆனார். ஜெர்மனி அப்போது கூட்டாட்சி நாடு. பவேரியா, சாக்சனி, பாடன் என ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமன்றம், தனி அமைச்சரவை, தனிப் போலீஸ். பிப்ரவரி 28-இல் வந்த அவசர ஆணை, ஒழுங்கைக் காக்கத் தவறும் மாநிலத்தின் அதிகாரத்தை மத்திய அரசு தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. மார்ச் 9-இல் பவேரியாவுக்கு ஆணையர் வந்து இறங்கிவிட்டார்.

இந்தச் சொல்லைத் தலைப்பில் ஏற்றிய மார்ச் 31-ஆம் தேதிச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பிரஷ்யா நீங்கலாக எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் கலைந்தன. மறுதேர்தல் கிடையாது. மார்ச் 5-இல் நாடாளுமன்றத்துக்கு விழுந்த வாக்குகளின் கணக்கையே எடுத்து, கம்யூனிஸ்ட் வாக்குகளைத் தள்ளிவிட்டு, மாநில இடங்களைப் பங்கிட்டார்கள். பெர்லின் நாடாளுமன்றத்துக்கென்று போட்ட ஓட்டு, போட்டவரைக் கேட்காமலேயே பவேரியத் தலைநகர் மியூனிக்கின் சட்டமன்றத்தையும் தீர்மானித்தது. ஏப்ரல் 7-இல் மாநிலங்களுக்கு மேல் மத்திய ஆளுநர்கள் வந்தார்கள். 1934 ஜனவரி 30-இல் மாநிலச் சட்டமன்றங்களே இல்லாமல் போயின.

பிரஷ்யாவை ஏன் விட்டார்கள்? அதன் சட்டமன்றத்துக்கு அதே மார்ச் 5-இல் புதிதாகத் தேர்தல் நடந்திருந்தது. அதன் அரசு விஷயத்தில் வேலை முன்பே முடிந்திருந்தது. 1932 ஜூலை 20-இலேயே சான்சலர் பாப்பன், அந்த மாநிலத்தின் ஓட்டோ பிரவுன் அரசை அவசர ஆணையால் அகற்றியிருந்தார். நாட்டின் பாதிக்கு மேல் பிரஷ்யாதான். வழியைப் போட்டுக் கொடுத்தவர் ஹிட்லருக்கு முந்தியவர் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஒருங்கிணைப்பு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கல்யாண வேலையைக்கூட நாம் ஒருங்கிணைக்கிறோம், அதில் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை. 'சமப்படுத்தல்' என்றால் நியாயம் வழங்கியது போல ஆகிவிடும். 'ஆட்சிக் கலைப்பு' பாதியைத்தான் சொல்கிறது: கலைத்த இடத்தில் தேர்தல் வந்து இன்னொரு மாநில அரசு அமரலாம்.

நான் 'ஒருபிடியாக்கம்' என்று எழுதுகிறேன். பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியோடு இருக்கும் மெயின் சுவிட்சை நினைத்துப் பாருங்கள். அதன் பிடியைக் கீழே இழுத்தால் அத்தனை அறைகளும் ஒருசேர இருளும். அந்தக் கைப்பிடியும் 'பிடி', ஒருவர் கைக்குள் சிக்குவதும் 'பிடி'. மூலச்சொல்லின் மின்வாசனையும் போகவில்லை, பலவந்தமும் மறையவில்லை. தொழிற்சங்கம், பத்திரிகை, ஊர்ச் சங்கம் என்று பிற்பாடு இச்சொல் பரவிய இடங்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் எல்லா இணைப்பும் ஒருபிடியாக்கம் ஆகாது. ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அரசமைப்பின் 79-ஆவது பிரிவு, மாநிலங்களாகப் பிரிந்திருப்பதையே ஒழிக்கும் திருத்தத்துக்கு இடம் தரவில்லை. அப்புறமும் 1952-இல் மூன்று மாநிலங்கள் சேர்ந்து பாடன்-வூர்ட்டம்பெர்க் ஆயின. அதற்கு முந்தைய டிசம்பரில் அங்கிருந்த மக்களிடம் வாக்கெடுப்பு நடந்திருந்தது. அதை 'மாநில இணைப்பு' என்றே எழுதலாம்.