ஆசை குறையறது வேற, யார் மேலயும் ஆசையே வராதது வேற

கிருஷ்ணகிரில மனநல டாக்டரா இருக்கேன். போன மாங்கா சீசன்ல காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வந்தார், 31 வயசு, ஓசூர்ல கம்பெனி வேலை (அடையாளம் தெரியாம இருக்க கொஞ்சம் மாத்தி எழுதறேன்). உக்காந்ததும் மஞ்சப் பையில இருந்து லேகிய டப்பா, தைல பாட்டில், சூரணம்னு ஒவ்வொண்ணா எடுத்து டேபிள் மேல வெச்சார், எல்லாம் லாட்ஜ்ல ரூம் போட்டு பாக்கறவங்ககிட்ட வாங்கினது. "எந்த மருந்துக்கும் கேக்கல மேடம், கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆச்சு, எல்லாரும் விசேஷம் இல்லையான்னு கேக்கறாங்க"ன்னு தலைய குனிஞ்சுகிட்டார்.

உடலுறவு ஆசை முன்னாடி இருந்துட்டு இப்ப போயிடுச்சா, இல்ல எப்பவுமே வந்ததில்லையான்னு கேட்டேன். இத்தனை பேர்கிட்ட போயிருக்கார், யாருமே இதக் கேக்கல. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு சொன்னார், "காலேஜ்ல பசங்க பொண்ணுங்கள பத்தி பேசுனா நானும் சேர்ந்து சிரிப்பேன் மேடம், ஆனா எனக்கு யார் மேலயும் அப்படி தோணினதே இல்ல. உடம்பு நல்லாதான் இருக்கு. ஒய்ஃப் மேல பாசம் நெறைய இருக்கு."

அதே வாரம் மாங்கா மண்டில வேலை பாக்கற ஒருத்தர் வந்தார், 44 வயசு, அவருக்கு ஆசை நல்லா இருந்து எட்டு மாசமா சுத்தமா போயிடுச்சு. பாத்தா சுகர் கன்னாபின்னான்னு ஏறியிருக்கு, டிப்ரஷனுக்கு வேற மாத்திரை எடுக்கறார். இப்படி நடுவுல போச்சுன்னா சுகர், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், காலைல ரத்தம் எடுத்து பாக்கற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் இதெல்லாம் பாத்துடணும், மாத்திரையாலன்னு சந்தேகம் வந்தா நீங்களா நிறுத்தாதீங்க, கொடுத்த டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்க.

அந்தத் தம்பி கதை வேற. உடம்புல வர்ற உணர்ச்சி ஒண்ணு, அது இன்னொரு ஆள் மேல திரும்பறது இன்னொண்ணு. ஏசெக்ஷுவல்னு சொல்றவங்களுக்கு இந்த ரெண்டாவதுதான் வராது இல்லன்னா ரொம்ப ரொம்ப கம்மி, முதல் விஷயம் சிலருக்கு இருக்கும் சிலருக்கு இருக்காது, காதல் பாசம் குடும்பம் வேணும்ங்கற ஆசை பலருக்கு நல்லாவே இருக்கும். 2004ல வந்த ஒரு ஆய்வுல பிரிட்டன்ல 18,000 பேருக்கு மேல கேட்டதுல சுமார் 100க்கு ஒருத்தர் யார் மேலயும் ஈர்ப்பு வந்ததில்லன்னு சொல்லியிருக்காங்க. 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநல கையேட்டுலயே, ஒருத்தர் தன்னை ஏசெக்ஷுவல்னு உணர்ந்தா ஆசைக்குறைவு நோய்னு பேர் வைக்கக்கூடாதுன்னு இருக்கு. அப்புறம் லேகியம் எதுக்கு?

எனக்கு மனசு கேக்காதது வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த அந்தத் தம்பியோட ஒய்ஃப நெனச்சுதான். ஒன்றரை வருஷமா "நான் கறுப்பா இருக்கேன், அதான் அவருக்குப் பிடிக்கல"ன்னே நெனச்சுட்டு இருந்திருக்கா. கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்னு பெரியவங்க சொல்றப்ப இன்னொரு உயிரையும் சேத்துதான் மாட்டி விடறாங்க, இத நான் கோவமாவேதான் சொல்றேன். கல்யாணம் வேண்டாம்னு பிள்ளை சொன்னா ஏன்னு கேட்டு முழுசா காது கொடுங்க.

மூணாவது தடவ ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெச்சப்ப அவரே சொன்னார். அவ அழுதா, அப்புறம் "அப்ப என் மேல குறை இல்லைல்ல?"ன்னு மட்டும் கேட்டா. சேந்து இருக்கறதா, பிரியறதா, குழந்தை வேணுமான்னு இன்னும் பேசிட்டுதான் இருக்காங்க. எது முடிவு பண்ணாலும் அது அவங்க ரெண்டு பேர் முடிவுன்னு ரெண்டு வீட்டுக்கும் நானே சொல்லிட்டேன்.