பின்னைப் பாதி இழுத்தால் ஏன் சத்தம் வருகிறது?

வியாசர்பாடியில் ஒரு மொட்டை மாடி, கானா ஒத்திகை. உள்ளங்கை அளவு சிந்தஸைசர் (மின்னணு இசைக்கருவி) ஹெட்போனில் கணீரென்று கேட்கிறது. ஸ்டீரியோ ஒயர் போட்டு அதையே சவுண்ட் மிக்ஸரில் செருகினால் மெட்டைக் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ரிவெர்பின், அதாவது எதிரொலியின், வால் மட்டும்.

"மிக்ஸர் புட்டுக்கிச்சுண்ணா" என்றான் கீபோர்டு தம்பி. பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்தேன். சத்தம் வந்துவிட்டது. "அப்ப ஜாக்குதான் லூஸு!"

இரண்டுமே இல்லை. அந்த 6.35 மி.மீ. பின்னைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இரண்டு கறுப்புக் கோடுகள் அதை நுனி, நடு வளையம், அடி என்று மூன்றாகப் பிரிக்கும். சிந்தஸைசருக்கு நுனி இடது காது, வளையம் வலது காது, அடி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் (சிக்னல் திரும்பும் வழி). மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட்டுக்கோ அது ஒரே ஒரு சிக்னல்: நுனியில் நேராக, வளையத்தில் தலைகீழாக. நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதை அது கழித்துவிடும்.

கழிப்பதற்குக் காரணம் உண்டு. நீண்ட ஒயர் வழியில் பிடிக்கும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறுகிறது, கழித்தால் ஒழிந்துபோகும். தலைகீழ் சிக்னலோ 1 − (−1) = 2 என்று இரட்டிக்கும். ஆனால் சின்ன சிந்தஸைசர் பலவும் இடதிலும் வலதிலும் ஒரே சத்தத்தை அனுப்புகின்றன. 1 − 1 = 0. மெட்டு போய்விட்டது. ரிவெர்ப் மட்டும் இரு பக்கமும் வேறுபடுவதால் தப்பித்தது.

பாதி இழுத்தபோது பின்னின் நுனி, ஜாக்கின் வளையத் தகட்டைத் தொட்டது. இடது மட்டும் போனது, கழிக்க ஆளில்லை. இதையே வைத்தியமாக்க வேண்டாம், முதல் அதிர்வில் கழன்றுவிடும்.

வாங்க வேண்டியது ஒய் கேபிள்: ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டு வாங்கும்போது கோட்டை எண்ணுங்கள். பெரிய பின் ஒவ்வொன்றிலும் ஒரே கோடு இருக்க வேண்டும். இரண்டு சானலில் செருகி, சத்தத்தை இடம் வலமாகத் தள்ளும் 'பேன்' (pan) குமிழை ஒன்றில் இடமும் மற்றதில் வலமும் திருப்பிவிட்டால் முடிந்தது. பாக்கெட் ஆபரேட்டர் என்ற குட்டி சிந்தஸைசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கருவிகளைத் தாளத்தில் சேர்த்து ஓட்டும் சில சிங்க் மோடில் ஒரு பக்கம் இசையும் மறுபக்கம் டிக் டிக்கும் வரும். டிக் வரும் சானலை மூடிவிடுங்கள்.

கேபிள் சரியான பிறகும் 'ம்ம்ம்' என்று உறுமுகிறதா? சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கிரவுண்ட் கம்பி வழியாகச் சுற்றி வருகின்றன. ஒரே யூஎஸ்பி ஹப்பில் இரண்டு சிந்தஸைசருக்கும் கரண்ட் கொடுத்தால் கீச்சென்று ஒரு ஊளையும் சேரலாம். பேட்டரியே போதும், இல்லையென்றால் நடுவில் ஒரு ஐசொலேட்டர் (கிரவுண்ட் இணைப்பைத் துண்டித்து சத்தத்தை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி). உறுமலை நிறுத்துகிறேன் பேர்வழி என்று மிக்ஸர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்ற இருப்பதே அதுதான்.